ஆனையிறவின் இரு கரையும் ஒரு பொது மடங்கும்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்பவர் பளையையும் இயக்கச்சியையும் கடந்ததும், இரு புறமும் நிலம் பின்வாங்கி நீர் முன்வருவதைக் காண்பர். கடல் என்று சொல்ல ஆழம் இல்லை. குளம் என்று சொல்ல இனிமை இல்லை. ஆழமற்ற உவர்நீரும், வெயில் முற்றிய நாளில் அந்நீர் வற்றிப் பூத்துக் கிடக்கும் உப்பும், ஊடே ஒரு வீதியும் ஒரு புகையிரதப் பாதையுமாகக் காட்சி தரும் இவ்விடமே ஆனையிறவு. குடாநாட்டுக்கும் வன்னிப் பெருநிலத்துக்கும் இடையே இயற்கை விட்டு வைத்த வாயில் இது.

பெயரே பழைய கதையைச் சொல்லுகிறது. வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளை இந்தக் களப்பின் ஆழமற்ற நீரில் இறக்கி அக்கரைப்படுத்திக் குடாநாட்டுக்குள் ஓட்டிச் சென்றனர். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இவ்வாணிகத்தில் மிகுந்த கருத்துடையவராய் இருந்தனர். வன்னியர்கள் அவர்களுக்குச் செலுத்திய திறையும் யானையே. குடாநாட்டின் தென்வாயிலைக் காக்க ஒல்லாந்தர் கட்டிய சிறு கோட்டைகளுள் ஒன்று ஆனையிறவில் இருந்தது. இவ்வழியே வந்த விலங்குகள் யாழ்ப்பாணத்தில் விலைகூறப்பெற்று, இந்திய வணிகர் கைக்கு மாறிக் கடல் கடந்து சென்றன.

யானையை எண்ணுவது எளிது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் போதும். அரை யானை என்று ஒன்று இல்லை. நிலத்தின் கணக்கோ அத்தகையதன்று. நிலம் அரையாகும், காலாகும், மூன்றில் ஒன்றாகும், முப்பத்தாறில் ஒன்றும் ஆகும். ஆனையிறவுக்கு வடக்கே நிலம் இவ்வாறு பின்னமாகிக்கொண்டே போனதும், தெற்கே அரசு அதனைப் பின்னமாகவிடாமல் முழு எண்ணாகவே வைத்திருக்க முயன்றதும் நமது நாட்டு வரலாற்றில் ஓர் அத்தியாயம். பள்ளிப் பிள்ளைகள் ஏழாம் எட்டாம் வகுப்பிற் படித்து மறந்துவிடும் ஒரு சிறு கணக்கு, அந்த அத்தியாயம் முழுவதும் ஊடுருவி நிற்கிறது. இலங்கைப் பாடநூல்கள் அதனைப் பொது மடங்குகளுட் சிறியது என்கின்றன. தமிழ்நாட்டார் மீச்சிறு பொது மடங்கு என்பர்.

வாயிலின் இரு புறத்தாரும் நிலத்தை அளந்த சொற்களே வேறு. வன்னியிற் குடியேற்றக்காரருக்கு நிலம் ஏக்கர்க் கணக்கு. யாழ்ப்பாணத்தாருக்குப் பரப்புக் கணக்கு. பழைய உறுதிகளில் அதுவே இலாச்சம் எனவும் எழுதப்பட்டிருக்கும். பரப்பிலும் இரு வகை உண்டு என்பதை வெளியூரார் பலர் அறியார். வரகு விதைப்பைக் கொண்டு கணித்த பரப்பு ஒன்று. நெல் விதைப்பைக் கொண்டு கணித்த பரப்பு மற்றொன்று. தோட்டத்துக்கும் வளவுக்கும் முன்னது, வயலுக்குப் பின்னது. ஓர் ஏக்கரில் வரகுப் பரப்பு 16, நெற்பரப்பு 24. நிலத்தைக் கோலால் அளக்காமல், எவ்வளவு விதை கொள்ளும் என்று பார்த்து மதித்த காலத்தின் எச்சம் இது. ஒரே அளவு தானியம் வரகாயின் மிகுந்த நிலத்துக்கும் நெல்லாயின் குறைந்த நிலத்துக்கும் போதுமானதாகக் கொள்ளப்பட்டது.

தோட்டக்காணி ஒன்றை விற்று வயற்காணி வாங்கப் போகும் ஒருவரின் இடர்ப்பாட்டை எண்ணிப் பாருங்கள். இரண்டும் பரப்பு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எத்தனை வரகுப் பரப்பு எத்தனை நெற்பரப்புக்குச் சரி? ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச். ஆகவே வரகுப் பரப்பு 10 பேர்ச். நெற்பரப்பு 6 பேர்ச்சும் மூன்றில் இரண்டும். இந்தப் பின்னம் வந்தவுடனே பலர் பென்சிலைக் கீழே வைத்துவிடுவர். வைக்க வேண்டியதில்லை. வரகுப் பரப்பை ஒவ்வொன்றாக அடுக்குக: 10, 20, 30. நெற்பரப்பை அடுக்குக: முதலாவது பின்னம், இரண்டாவதும் பின்னம், மூன்றாவது 20. இரண்டு வரிசையும் முதன்முதலாகச் சந்திக்கும் இடம் 20 பேர்ச். ஆகவே இரண்டு வரகுப் பரப்பு மூன்று நெற்பரப்புக்குச் சரி. பொது மடங்குகளுட் சிறியது என்பதன் பொருள் இவ்வளவே: வெவ்வேறு அடி வைத்து ஒரே இடத்திலிருந்து புறப்பட்ட இருவர் முதன்முதலில் ஒரே தடத்தில் கால் வைக்கும் இடம்.

தோட்டத்துக்கு நீர் இறைக்கும் முறையிலும் இதே கணக்கைக் காணலாம். குடாநாட்டு உறுதிகளில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்தே எழுதப்படுவது வழக்கம். ஒரு கிணற்றில் நான்கு நாளைக்கொரு முறையும், மற்றொரு கிணற்றில் ஆறு நாளைக்கொரு முறையும் உடையவர் ஒருவருக்கு இரண்டு முறையும் ஒரே நாளில் வந்தால் ஆளுக்கு எங்கே போவார்? இன்று அப்படி வந்ததாயின் மீண்டும் பன்னிரண்டாம் நாள் வரும். நான்கையும் ஆறையும் பெருக்கி இருபத்துநான்காம் நாள் என்று சொல்பவர் பன்னிரண்டாம் நாளில் ஒரு தோட்டத்தைக் காயவிடுவார். நான்குக்கும் ஆறுக்கும் பொதுவாக இரண்டு என்னும் காரணி இருப்பதை அவர் கவனிக்கவில்லை. இரு எண்களின் பெருக்கத்தை அவற்றின் பொதுக் காரணிகளுட் பெரியதால் வகுத்தால் பொது மடங்குகளுட் சிறியது கிடைக்கும் என்னும் விதி, கிறித்துவுக்கு முன் 300 அளவில் வாழ்ந்த யூக்கிளிட்டு என்னும் கிரேக்க அறிஞரின் நூலில், எண்களைப் பற்றிய ஏழாம் பகுதியிலேயே நிறுவப்பட்டுள்ளது.

முறையில் தவறினால் ஒரு நாட் பயிர் வாடும். பங்கில் தவறினால் ஒரு குடும்பம் இரண்டாகும். யாழ்ப்பாணத்து வழமைகளை 1707ஆம் ஆண்டில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்தார், அத்தொகுப்பே தேசவழமை. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை வகைப்படுத்தும் அவ்வழமையின் நுட்பங்கள் இங்கு வேண்டா. நமக்கு வேண்டியது ஒன்றே. காணியை வெட்டிப் பிரிக்காமலே, பிரிவுபடாத பங்காக எழுதிக் கொடுக்கும் பழக்கம் குடாநாட்டில் மிகவும் பரவியது. வேலி மாறாது, உறுதியில் உள்ள பின்னம் மட்டும் மாறும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். பதினாறு பரப்புத் தோட்டக்காணி; அதாவது சரியாக ஓர் ஏக்கர். உடையவருக்கு மக்கள் மூவர். சீதனக் கணக்கை ஒருபுறம் வைத்துவிட்டு மூவரும் சமமாகப் பெற்றனர் என்று கொள்வோம். ஆளுக்கு மூன்றில் ஒன்று. மூத்தவருக்கு நான்கு பிள்ளைகள். அவர்களுக்குப் பன்னிரண்டில் ஒன்று வீதம். நடுவருக்கு இருவர்; ஆறில் ஒன்று வீதம். இளையவருக்கு ஐவர், பதினைந்தில் ஒன்று வீதம். இரண்டாம் தலைமுறைக்குள் பங்காளர் பதினொருவர். பின்னங்கள் மூன்று வகை. எல்லாம் சேர்ந்து ஒன்றாகிறதா என்று எவ்வாறு சோதிப்பது?

பின்னங்களின் கீழெண்களைப் பெருக்கினால் 12ஐ 6ஆலும் 15ஆலும் பெருக்கி 1080 கிடைக்கும். அந்த வழியும் தவறன்று. ஆனால் வீண் சுமை. பன்னிரண்டு, ஆறு, பதினைந்து ஆகிய மூன்றுக்கும் பொது மடங்குகளுட் சிறியது 60. காணியை 60 கூறாக எண்ணிக்கொண்டால், மூத்தவரின் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5 கூறு. நடுவரின் பிள்ளைகளுக்குப் பத்து. இளையவரின் பிள்ளைகளுக்கு நான்கு. ஒவ்வொரு கிளைக்கும் இருபது; மூன்றும் அறுபது. பின்னம் முழுவதும் மறைந்து, யானையை எண்ணுவதுபோல் நிலத்தையும் எண்ணலாம் என்றாகிவிடுகிறது.

மூன்றாம் தலைமுறையில் கதை வளர்கிறது. பன்னிரண்டில் ஒரு பங்கு உடையவர் ஒருவருக்கு மூன்று பிள்ளைகள். ஆறில் ஒரு பங்கு உடையவருக்கு நால்வர். பதினைந்தில் ஒரு பங்கு உடையவருக்கு இருவர். புதிதாக வந்த பின்னங்கள் முப்பத்தாறில் ஒன்று, இருபத்துநான்கில் ஒன்று, முப்பதில் ஒன்று. இப்பொழுது அறுபது போதாது. 360 கூறு வேண்டும். முப்பத்தாறில் ஒன்று என்பது பதினாறு பரப்பில் அரைப் பரப்புக்கும் குறைவு. அங்கே ஒரு கிணறும் இரண்டு தென்னையும் நின்றால் மண்ணுக்கு இடம் இல்லை. அடுத்த தலைமுறையில் எங்காவது ஒரு வீட்டில் ஏழு பிள்ளைகள் பிறந்தால் 360 ஒரே பாய்ச்சலில் 2520 ஆகும். ஒன்று முதல் பத்து வரையுள்ள எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்ணும் இந்த 2520தான். ஏழு என்பது பகா எண்; அறுபதிலும் முந்நூற்றறுபதிலும் அது ஒளிந்திருக்கவில்லை. அதனாலேயே அது வந்தவுடன் கணக்கு முழுவதும் ஏழு மடங்காகிறது.

இவ்விடத்தில் பழந்தமிழர் கணக்கை நினையாமல் இருக்க முடியாது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதிய பிள்ளைகள் கீழ்வாய் இலக்கம் என்னும் பின்னங்களைப் பெயர் பெயராகவே அறிந்திருந்தனர். அவற்றை உற்று நோக்கினால் இரண்டு குடும்பங்கள் தெரியும். அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம் என்பது ஒரு குடும்பம்; பாதி பாதியாகச் சென்று அறுபத்துநான்கில் ஒன்றில் நிற்பது. நாலுமா, இருமா, மா, அரைமா, காணி, அரைக்காணி என்பது மற்றொன்று. ஐந்தில் ஒன்றில் தொடங்கிப் பத்து, இருபது, நாற்பது, எண்பது, நூற்றறுபது என்று இறங்குவது. முதற்குடும்பம் இரட்டித்தலால் ஆனது. இரண்டாவதில் ஐந்து என்னும் காரணி கலந்திருக்கிறது. இரு குடும்பத்தையும் ஒரே கணக்கிற் சேர்க்க எந்த அலகு வேண்டும்? அறுபத்துநான்குக்கும் நூற்றறுபதுக்கும் பொது மடங்குகளுட் சிறியது 320. முந்திரி என்னும் அலகின் அளவும் முந்நூற்றிருபதில் ஒன்றே.

இதனை வெறும் தற்செயல் என்று தள்ளுவது கடினம். ஒன்றை 320 முந்திரியாகக் கொண்டால் அரை 160, கால் 80, அரைக்கால் 40, வீசம் 20, கால்வீசம் 5. நாலுமா 64, இருமா 32, மா 16, அரைமா 8, காணி 4, அரைக்காணி 2. எதிலும் மீதி இல்லை. நாலுமாவையும் அரைக்காலையும் கூட்ட வேண்டுமாயின் அறுபத்துநான்கும் நாற்பதும் நூற்றுநான்கு முந்திரி. அதனை எண்பது, பதினாறு, எட்டு என்று பிரித்தால் காலே மா அரைமா. கீழெண் என்ற சொல்லையே அறியாத சிறுவன் வாய்க்கணக்காக இதைச் சொல்லிவிடுவான். இன்னொன்றும் சொல்லலாம். பின்னத்தின் பெயரான காணி எண்பதில் ஒன்று. நிலத்துக்கும் நாம் காணி என்றே பெயர் வைத்திருக்கிறோம். ஐந்து ஏக்கரில் ஒரு வரகுப் பரப்பு எவ்வளவு என்று கணக்கிட்டால் விடை எண்பதில் ஒன்று, அதாவது ஒரு காணி. இது மட்டும் தற்செயல்தான்.

இந்த 320இன் ஆட்சி எவ்வளவு தூரம் சென்றது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் சான்று. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் காலத்தில் நிலத்தை ஒரு வேலியின் 52,428,800,000இல் ஒரு கூறு வரை கணக்கிட்டனர் என்பதை வரலாற்றாசிரியர்கள் வியந்து எழுதியுள்ளனர். அந்த நீண்ட எண்ணைப் பிரித்துப் பார்த்தால், 320ஐ நான்கு முறை தன்னோடு பெருக்கிப் பின் ஐந்தால் பெருக்கியதே அது. நிலத்தில் அந்தக் கூறு ஒரு சதுர மில்லிமீற்றரின் பாதியளவே. அவ்வளவு சிறிய நிலத்தை எவரும் கோலிட்டு அளந்திருக்க முடியாது, உழவும் முடியாது. கோயிலுக்கு எவ்வளவு, குளத்துக்கும் வாய்க்காலுக்கும் எவ்வளவு, வரி இறுக்கும் நிலம் எவ்வளவு என்று கழித்துக்கொண்டே வரும்பொழுது இறுதியில் மீதி விழாதிருக்க வேண்டும் என்பதே கணக்கரின் கவலை. அந்நுண்மை அளவுகோலுக்கு உரியதன்று, கூட்டற் கணக்குக்கு உரியது என்றே கொள்ள வேண்டும்.

ஆயினும் முந்நூற்றிருபதுக்கு ஒரு குறை உண்டு. மூன்று பிள்ளைகள் உடைய தந்தைக்கு அது உதவாது. முந்நூற்றிருபதை மூன்றால் வகுத்தால் ஆளுக்கு நூற்றாறு முந்திரி போக இரண்டு மிஞ்சும். முந்திரியை மேலும் முந்நூற்றிருபதாக்கிக் கீழ்முந்திரி என்றனர். மிஞ்சிய இரண்டு முந்திரி 640 கீழ்முந்திரி. ஆளுக்கு 213 போக மீண்டும் ஒன்று மிஞ்சும். எத்தனை முறை முந்நூற்றிருபதாக்கினாலும் மீதி விழுந்துகொண்டே இருக்கும். மூன்று அதன் காரணியன்று. அடுத்த அலகை நம் முன்னோர் எவ்வாறு வகுத்தனர் என்பது கவனிக்கத்தக்கது. கீழ்முந்திரியை முந்நூற்றிருபதாக்கவில்லை; இருபத்தொன்றாக்கினர். அதற்குப் பெயர் இம்மி. இருபத்தொன்று மூவேழு. மிஞ்சிய ஒரு கீழ்முந்திரி ஆளுக்கு ஏழு இம்மியாக ஒழுங்காய்ப் பிரிகிறது. ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் அவ்வாறே: ஆளுக்கு 45 முந்திரி, 228 கீழ்முந்திரி, 12 இம்மி, மீதி இல்லை. இம்மிக்குக் கீழே பதினொன்றாக வகுத்தது மும்மி. இவ்வாய்பாடுகளைக் கணக்கதிகாரம் முதலிய நூல்களிற் காணலாம். இம்மியளவும் பிசகாமல் என்று இன்றும் சொல்லுகிறோம். ஒன்றின் 2,150,400இல் ஒரு கூறே இம்மி என்பதைச் சொல்பவரும் அறியார், கேட்பவரும் அறியார்.

பொது மடங்குகளுட் சிறியதைத் தனி விதியாக எழுதி வைத்தவரும் தென்னாட்டிலேயே தோன்றினார். ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் என்னும் சமணக் கணிதர் கணிதசார சங்கிரகம் என்னும் வடமொழி நூலை இயற்றினார். அதற்கு முன்னர்ப் பின்னங்களைக் கூட்டும்பொழுது கீழெண்களை ஒன்றோடொன்று பெருக்குவதே பெருவழக்கு. கீழெண்களுக்குப் பொதுவான காரணிகளை நீக்கி, மிகச் சிறிய பொது மடங்கைக் கண்டு, அதன்மேற் கூட்டும் வழியை மகாவீரர் காட்டினார். அதற்கு அவர் இட்ட பெயர் நிருத்தம்; நடனத்தைக் குறிக்கும் சொல்லன்று, வேறு. இந்நூலை மு. ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் வெளியிட்டது.

யாழ்ப்பாணத்திலும் புதுமுறைக் கணிதம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி அதற்கு உலைக்களம். அங்குப் பயின்ற கறல் விசுவநாதபிள்ளை வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் ஆக்கினார். எண்சுவடி மெல்ல மறைந்து, கீழெண்ணும் மேலெண்ணும் பள்ளிக்கு வந்தன. நல்ல மாற்றமே. ஆனால் ஓர் இழப்பும் நேர்ந்தது என்று கூறலாம். முந்திரி ஓதிய சிறுவன் பொது மடங்கை ஒரு பொருளாகக் கையிற் பிடித்திருந்தான், பொ.ம.சி. காணும் சிறுவன் அதனை ஒரு கட்டளையாக மட்டுமே அறிகிறான்.

பங்குக் காணிக்கு மீள்வோம். பிரிவுபடாத பங்குகள் பெருகி, வேலியால் வந்த சண்டை நீதிமன்றத்துக்கு வந்தபொழுது, அவற்றை வெட்டிப் பிரிப்பதற்குச் சட்டமும் வந்தது. 1863ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைக் கட்டளைச் சட்டமும், 1951ஆம் ஆண்டுச் சட்டமும், 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டமும் அந்த வரிசையில் வந்தவை. பாகப்பிரிவினை வழக்கில் வழித்தோன்றல் மரம் வரைந்து ஒவ்வொருவருக்கும் உரிய பின்னத்தைக் காட்ட வேண்டும். பின்னங்கள் கூடி ஒன்றாக வேண்டும். முன்னர்க் கூறிய பதினொரு பங்காளரில் ஒருவருக்குப் பதினைந்தில் ஒன்று என்பதற்குப் பதிலாகப் பன்னிரண்டில் ஒன்று என்று உறுதியில் எழுதப்பட்டிருந்தால் மொத்தம் அறுபதில் அறுபத்தொன்றாகும். இல்லாத நிலம் ஒன்றை எவரோ ஒருவருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஒரு பேரப்பிள்ளையின் பெயர் விடுபட்டால் அறுபதில் ஐம்பத்தாறே வரும். உரியவர் வரும் வரை அந்த நான்கு கூறு ஒதுக்கப்படாமற் கிடக்கும். அறுபதில் ஒன்று என்பது ஓர் ஏக்கரில் இரண்டு பேர்ச்சும் மூன்றில் இரண்டும். அவ்வளவு நிலத்துக்காகப் பேச்சுவார்த்தை அற்றுப்போன சகோதரர்கள் குடாநாட்டில் எந்த ஊரிலும் உண்டு. வழக்குச் செலவு நிலத்தின் விலையை விழுங்கியதும் உண்டு.

இப்படி நுணுகிய நிலத்திலிருந்து புறப்பட்டு ஆனையிறவைக் கடந்து தெற்கே வந்தவர்களுக்கு வன்னி வேறோர் உலகமாகத் தோன்றியதில் வியப்பில்லை. இரணைமடுக் குளத்தின் வேலை 1902ஆம் ஆண்டில் தொடங்கி 1920 அளவில் நிறைவெய்தியது. இரண்டு மடுக்களை ஒரே அணைக்குள் அடக்கியதால் அப்பெயர் என்பர். அதன் நீரை நம்பிப் பரந்தனிலும் கிளிநொச்சியிலும் குடியேற்றங்கள் எழுந்தன. காணி ஆணைக்குழு ஒன்று 1927இல் அமைக்கப்பட்டதும், அதன் வழியே 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்ததும், அதனை முன்னின்று நடத்தியவர் அன்றைய விவசாய, காணி அமைச்சர் டி. எஸ். சேனநாயக்க என்பதும் அறிந்தவையே. உலர்வலயக் குடியேற்றங்களில் முற்காலத்து ஒரு குடும்பத்துக்கு உரிய பொது அளவு ஐந்து ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டுநிலமும். 1953க்குப் பின்னர் மூன்றும் இரண்டுமாகக் குறைந்தது. அரைப் பரப்புக்கு வழக்காடியவர் காதில் ஐந்து ஏக்கர் என்பது எண்பது வரகுப் பரப்பு. வயற்கணக்கில் நூற்றிருபது பரப்பு.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. குறித்த அளவுக்குக் கீழே காணியைப் பிரித்தலாகாது. விற்றலும் ஈடு வைத்தலும் அதிகாரியின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அனுமதிப்பத்திரக்காரர் தமக்குப் பின் உரியவரைப் பெயர் குறிக்க வேண்டும். குறியாது இறந்தால் சட்டம் தன் அட்டவணைப்படி ஒருவரைத் தேரும். அவ்வட்டவணையில் ஆணுக்கும் மூத்தவருக்கும் முன்னிடம் இருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தமே ஆண், பெண் என்னும் வேற்றுமையை நீக்கியது. சட்டம் வகுத்தவர் நோக்கம் தீயதன்று. நிலம் துண்டு துண்டாகிக் கடன்காரர் கைக்குப் போவதை அவர்கள் கண்டிருந்தனர். குடாநாட்டின் முப்பத்தாறில் ஒன்றையும் கண்டிருப்பர். பின்னத்தின் தொல்லையைத் தீர்க்கப் பின்னத்தையே தடுத்தனர். நிலம் பிரியாமல் நின்றது உண்மை. ஆனால் நான்கு பிள்ளைகளில் ஒருவர் நிலக்காரராகவும் மூவர் கூலிக்காரராகவும் ஆவதற்கும் அதே வழி வாயில் திறந்தது. வடகரையில் எல்லோருக்கும் பங்கு உண்டு, பயிரிடப் போதிய நிலம் இல்லை; தென்கரையில் நிலம் உண்டு, எல்லோருக்கும் பங்கு இல்லை. இவ்விரண்டில் எது கொடிது என்று தீர்ப்புச் சொல்வது எளிதன்று. எனினும் பங்கில்லாமற் போனவரின் குறையைச் சட்டம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

மக்கள் தம் வழியைத் தாமே கண்டனர். பத்திரத்தில் ஒரு பெயர். வயலிற் பல வரம்பு. ஐந்து ஏக்கர் என்பது 120 நெற்பரப்பு என்றோம். நூற்றிருபது என்பது இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு ஆகிய எல்லாவற்றுக்கும் பொது மடங்கு. எட்டுக்கும் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் கூட. பிள்ளைகள் மூவராயின் நாற்பது, நால்வராயின் முப்பது, ஐவராயின் இருபத்துநான்கு, அறுவராயின் இருபது. ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் மட்டும் ஆளுக்குப் பதினேழு போக ஒரு பரப்பு மிஞ்சும். அதனை யார் உழுவது என்பது அவ்வீட்டார் பேசித் தீர்க்க வேண்டிய காரியம். இம்மிக் கணக்கை நினைவில் வைத்திருப்பவர் அங்கே இருக்க நியாயமில்லை.

பின்னர்ப் போர் வந்தது. ஆனையிறவு இராணுவ முகாமாகி, 1991இலும் 2000இலும் 2009இலும் பெருஞ்சமர்களைக் கண்டது. உப்பளம் நெடுங்காலம் உப்பின்றிக் கிடந்தது. இரு கரை மக்களும் வீடுவிட்டு ஓடினர். ஓடியவர் பெட்டிகளில் இருந்த உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் பல அழிந்தன. திரும்பி வந்தபொழுது எல்லைக்கல் இல்லை, பனை இல்லை, வரம்பு இல்லை. சில இடங்களிற் காணியில் வேறொருவர் இருந்தார். பத்தாண்டு தடையின்றி ஆண்டவருக்கு உரிமை உண்டு என்னும் பொதுவிதி, போரினால் வரமுடியாமற் போனவரைக் கெடுக்காதிருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு சிறப்பு ஏற்பாடு செய்தது. பங்குக் காணியாயின் சிக்கல் இரட்டித்தது. பங்காளர் சிலர் கனடாவில், சிலர் சென்னையில், சிலர் எங்கென்றே தெரியாது. அவர்களுடைய பின்னம் மட்டும் தாத்தாவின் பெயரோடு நிற்கிறது.

நில அளவையாளர் இப்பொழுது தரும் படங்களில் ஏக்கரும் இல்லை, பரப்பும் இல்லை, ஹெக்டேயர் எழுதப்பட்டிருக்கிறது. ஓர் ஏக்கர் என்பது 4046.8564224 சதுர மீற்றர். வரகும் நெல்லும் இருபது பேர்ச்சிலேயே சந்தித்துவிட்டன. ஏக்கரும் ஹெக்டேயரும் கையடக்கமான எந்த எண்ணிலும் சந்திப்பதில்லை. ஐந்து ஏக்கர் வயல் படத்தில் 2.0234 ஹெக்டேயர் என்று இருக்கும். அதனை நான்காக்கிய பிள்ளைகளுள் ஒருவரைக் கேட்டால் தம் பங்கு முப்பது பரப்பு என்பார். படத்தை அவர் பார்த்ததுகூட இல்லாமல் இருக்கலாம். வரப்பு அந்த முப்பதில்தான் ஓடுகிறது.